பவளத்தின் இரத்தம் படலை தாண்டவில்லை

பெயர்: சித்தி ஹாஜரா பிந்தி அப்துல் ஹமீது
வயது: 63
தொழில்: ஓய்வு பெற்ற மருத்துவ ஆய்வுக்கூட ஊழியர்
முகவரி: லெபோ சூலியா, கடைவீட்டின் மேல்மாடி, ஜார்ஜ் டவுன், பினாங்கு
வாக்குமூலத்தின் மொழி: தமிழ்
பதிவு செய்தவர்: சார்ஜன் ரமணி
நாள், நேரம்: 24 ஜூன் 2025, செவ்வாய்க்கிழமை, காலை 10.15

மேலே உள்ள விவரங்கள் சரி. எனக்கு மலாய் நன்றாகத் தெரியும். ஆனாலும் கையெழுத்துப் போடும் தாளை நானே வாசிக்க வேண்டும் என்பதாலும், என்மேல் புகார் கொடுத்தவரும் தமிழில் வாசிப்பவர் என்பதாலும் தமிழிலேயே எழுதி எடுக்கும்படி கேட்டுக்கொண்டேன். மலாய் மொழிபெயர்ப்பு பிறகு சேர்க்கப்படும் என்று சார்ஜன் சொன்னார். யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. ஒரு கோப்பி கொடுத்தார்கள். அதில் சீனி இல்லாததால் அதை ஆசை காட்டியதில் சேர்க்க முடியாது.

நான் அரசாங்க மருத்துவமனை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை செய்தேன். என் வேலை மைக்ராஸ்கோப்பில் இரத்தம் பார்ப்பது. பெரும்பாலும் மலேரியா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு வருடம் என்னைக் கால்நடை ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு இரவலாக அனுப்பினார்கள். அங்கே எருமை, குதிரை, மாடு ஆகியவற்றின் இரத்தத்தைப் பார்த்தேன். சுர்ரா என்ற நோயை என் கண்ணால் பார்த்தது அங்கேதான். மூன்று வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றபோது, மூடப்பட்ட ஒரு தனியார் கிளினிக்கிலிருந்து பழைய மைக்ராஸ்கோப் ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொண்டேன். மற்றப் பெண்கள் ஓய்வு பெற்றால் வளையல் வாங்குகிறார்கள் என்று என் தங்கை இன்றுவரை கேலி செய்கிறாள்.

புகார் கொடுத்த திரு. சற்குணம் அவர்களை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். வயது எழுபத்திரண்டு. யாழ்ப்பாணத்து வம்சாவளிக் குடும்பம். அதே மருத்துவமனையின் பதிவு அலுவலகத்தில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தவர். ஆய்வுக்கூடத்திலிருந்து நான் கையெழுத்துப் போட்டு அனுப்பும் முடிவுத் தாள்களில் முத்திரை குத்தி நோயாளியின் கோப்பில் சேர்ப்பது அவர் வேலை. எழுத்து கிறுக்கலாக இருந்தால் மாடி ஏறி வந்து தாளை மேசையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தபடி நிற்பார். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மனைவி இறந்துவிட்டார். கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில், வளவு என்று அவர்கள் சொல்லும் சுற்றுத் தோட்டத்தோடு கூடிய பழைய வீட்டில் மகள் பிரஷாந்தியுடன் இருக்கிறார். பிரஷாந்திக்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை.

திரு. சற்குணம் வீட்டில் இரண்டு பசுக்கள் வைத்திருந்தார். இந்த வருடம் ஜனவரியில் மூத்த பசு மெலிந்து, பின்னங்கால் ஆட்டம் கண்டு, கொட்டிலிலேயே விழுந்து இறந்தது. என்ன நோய் என்று கடைசிவரை தெரியவில்லை. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்ததாகப் பிரஷாந்தி என்னிடம் சொன்னாள். அதன் பிறகு மார்ச் மாதம் இரண்டாவது பசுவுக்கும் அதே மாதிரி காய்ச்சல் விட்டு விட்டு வரத் தொடங்கியது. அதன் பெயர் பவளம். அப்போது ஆறு மாதச் சினை.

செபராங் ஜெயாவில் தனியாகக் கிளினிக் நடத்தும் கால்நடை மருத்துவர் ஃபாத்தின் வந்து பார்த்தார். அவரும் எங்கள் சமூகத்துப் பெண்தான், நன்றாகத் தமிழ் பேசுவார். மார்ச் 17, மார்ச் 24, ஏப்ரல் 7 என மூன்று திங்கட்கிழமை வந்தார். மார்ச் 31 நோன்புப் பெருநாள் என்பதால் வரவில்லை. மூன்று தடவையும் இரத்தம் எடுத்துப் பார்த்தார். மூன்று தடவையும் ஒன்றும் தெரியவில்லை. உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்று ஓர் ஊசி, சளிக்கு ஓர் ஊசி, சத்துக்கு ஓர் ஊசி போட்டார். பவளம் மேலும் மெலிந்தது. ஏப்ரல் 7 அன்று அவர், இது சுர்ராவாக இருக்கலாம், அதற்கென்று உள்ள மஞ்சள் மருந்தைப் போட்டுப் பார்க்கலாம் என்று கேட்டார். அன்று எடுத்த இரத்தத்தைப் பெரிய ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பினார். அந்த முடிவு வர இரண்டு வாரம் ஆகும்.

திரு. சற்குணம் மஞ்சள் மருந்துக்குச் சம்மதிக்கவில்லை. அவர் சொன்னதை மருத்துவரே பிறகு என்னிடம் சொன்னார்: "இருக்கலாம், இருக்கலாம் எண்டு மூண்டு ஊசி குத்திப்போட்டியள் பிள்ளை. என்ன வருத்தம் எண்டு காட்டுங்கோ, பிறகு குத்துங்கோ." வருத்தம் என்று அவர் சொல்வது நோயை. அதன் பிறகு அவர் ஒரு மாட்டு வியாபாரியைக் கூப்பிட்டு, ஏப்ரல் 12 சனிக்கிழமை காலை லாரி கொண்டு வரும்படி பேசி முடித்தார். இன்னொரு மாடு கண் முன்னால் விழுந்து சாவதைப் பார்க்க அவரால் முடியாது. கெடாவில் ஒரு பண்ணைக்குத்தான் அனுப்புகிறோம் என்று வியாபாரி சொன்னாராம். அது எந்தப் பண்ணை என்று வியாபாரிக்கும் தெரியும், திரு. சற்குணத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஏப்ரல் 8 செவ்வாய்க்கிழமை நான் பெருநாள் பலகாரம் கொடுப்பதற்காக அவர் வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் எனக்கு இந்த விஷயங்கள் தெரிய வந்தன. கொட்டிலில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கியது. அதில் அவர் பவளத்தின் உடல் சூட்டை மார்ச் தொடக்கத்திலிருந்து காலையும் மாலையும் அளந்து, ஆஸ்பத்திரி அட்டையில் போடுவதைப் போல, தேதி வாரியாக எழுதி வைத்திருந்தார். கிராணிப் புத்தி ஓய்வு பெறுவதில்லை. நான் அதை வாசித்தேன். திங்கட்கிழமைகளில் முப்பத்தெட்டரை டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில், அதாவது மாட்டுக்கு இயல்பான சூடு. மார்ச் 14, 21, 28, ஏப்ரல் 4 ஆகிய நாட்களில் நாற்பதரைக்கு மேல். ஒரு நாள் நாற்பத்தொன்று. அந்த நான்கும் வெள்ளிக்கிழமை.

அந்த நான்கு நாளுக்கும் எதிரே அவர் "பூசை அலுப்பு" என்று குறித்திருந்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பவளத்தைக் குளிப்பாட்டி, மஞ்சளும் குங்குமமும் வைத்து, சாம்பிராணி போடுவது அவர் வழக்கம். அந்தப் புகையிலும் சந்தடியிலும் உடம்பு சூடாகிவிடுகிறது என்று அவர் நம்பினார். அளவு சரியாக எடுத்திருக்கிறார், நேரம் சரியாக எழுதியிருக்கிறார், காரணத்தை மட்டும் சாமி அறையிலிருந்து கொண்டு வந்திருக்கிறார்.

சுர்ரா எப்படி என்பதைச் சார்ஜன் கேட்டதால் சொல்கிறேன். அது இரத்தத்தில் நீந்தும் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி. மாட்டைக் கடிக்கும் பெரிய ஈக்கள் ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குக் கொண்டு போகும். அது இரத்தத்தில் பெருகும்போது காய்ச்சல் வரும். உடம்பு அதை அடக்கும்போது காய்ச்சல் இறங்கும், அப்போது எத்தனை துளி எடுத்துப் பார்த்தாலும் கண்ணில் படாமல் போகலாம். சில நாள் கழித்து மறுபடியும் பெருகும். அதற்குக் கிழமை தெரியாது. அந்த நான்கு வாரம் அது வெள்ளியில் விழுந்தது தற்செயல். மருத்துவர் திங்களில் வந்ததோ தற்செயல் இல்லை, வெள்ளியில் வர வேண்டாம் என்று திரு. சற்குணமே சொல்லியிருந்தார். இன்னொன்று, உடம்பைவிட்டு வெளியே வந்த இரத்தத்தில் அது வெகு நேரம் உயிரோடு இருக்காது. துடிக்கும்போது பார்ப்பதுதான் சுலபம்.

நான் இதை அவரிடம் அப்போதே சொன்னேன். "அண்ணே, காய்ச்சல் வெள்ளிக்கிழமை வருது, நீங்க திங்கக்கிழமை தேடச் சொல்றீங்க. வர்ற வெள்ளி காலைல ஒரே ஒரு சொட்டு எடுத்தா போதும்லா" என்றேன்.

அவர் சொன்ன பதில்: "வெள்ளிக்கிழமை அவவின்ர பால்கூட இந்தப் படலை தாண்டாது. இரத்தம் தாண்டுமோ?" படலை என்று அவர் சொல்வது வளவின் வெளிக் கதவை. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து பால், உப்பு, எண்ணெய் எதையும் வெளியே கொடுக்க மாட்டார்கள், கொடுத்தால் அதோடு லட்சுமியும் போய்விடுவாள் என்பது அவர்கள் வழக்கம். அதுவும் வருகிற வெள்ளி பங்குனி உத்திரம். நான் அதற்கு மேல் வாதாடவில்லை. முப்பது வருடத்தில் அவரிடம் வாதாடி வென்றவர் யாரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் படியிறங்கும்போது அவர் இன்னொன்றும் சொன்னார்: "நீர் கண்ணால கண்டு, கையெழுத்து வச்சுத் தந்தா நான் நம்புவன். வேற ஒருத்தரையும் நம்பமாட்டன்."

இரத்தம் படலை தாண்டக்கூடாது என்றால் மைக்ராஸ்கோப் படலை தாண்டி உள்ளே வரலாமே என்று பெர்ரிப் படகில் திரும்பி வரும்போது எனக்குத் தோன்றியது. அதைத் தடுக்கும் வழக்கம் எதையும் அவர் சொல்லவில்லை. அதன் பிறகு பிரஷாந்திக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை அப்பா விடியுமுன் கோயிலுக்குப் போய்விடுவார், எட்டு மணிக்கு முன் வரமாட்டார், தனக்கு அந்த வாரம் மாலை ஷிப்ட், தான் கதவைத் திறக்கிறேன் என்று அவள் சொன்னாள். அவளை நான் வற்புறுத்தவில்லை. அவள்மேல் நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏப்ரல் 10 வியாழக்கிழமை மாலை, மைக்ராஸ்கோப்பை ரைஸ் குக்கர் பெட்டியில் வைத்துக் கட்டி பெர்ரி ஏறினேன். பெட்டியைப் பார்த்த பாதுகாவலர் சோறு வெந்துவிட்டதா என்று மலாயில் கேட்டார். நாளைக் காலை வேகும் என்று சொன்னேன். அன்று இரவு பாகான் டாலாமில் என் அண்ணன் மகள் நஸீஹாவின் வீட்டில் தங்கினேன்.

ஏப்ரல் 11 வெள்ளிக்கிழமை சுபுஹு தொழுதுவிட்டு, காலை 6.25க்குத் திரு. சற்குணத்தின் வீட்டை அடைந்தேன். பிரஷாந்தி கதவைத் திறந்தாள். கொட்டிலுக்குள் ஒரு பழைய தையல் மேசையில் மைக்ராஸ்கோப்பை வைத்து, வீட்டிலிருந்து வயர் இழுத்து விளக்கைப் போட்டோம். பவளத்தின் சூடு நாற்பத்தொன்றுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. 6.35க்கு அதன் காது மடலின் ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தேன். புகாரில் "கூரிய ஆயுதம்" என்று எழுதியிருப்பதாகச் சார்ஜன் வாசித்துக் காட்டினார். அது நீரிழிவுக்காரர்கள் தினமும் விரலில் குத்திக்கொள்ளும் ஊசி. என் கைப்பையில் இன்றும் நான்கு இருக்கின்றன, வேண்டுமானால் ஒப்படைக்கிறேன்.

6.50க்கு ஒட்டுண்ணியைப் பார்த்தேன். முதலில் அது தெரியாது. சிவப்பணுக்கள் அசையாமல் கிடக்கும், ஓர் இடத்தில் மட்டும் தைப்பூசக் கூட்டத்துக்குள் யாரோ முழங்கையால் இடித்துக்கொண்டு போவதைப் போல அவை விலகி விலகிக் கொடுக்கும். பெரிதாக்கிப் பார்த்தபோது மெல்லிய உடம்பும் அலையலையாக அடிக்கும் விளிம்பும் தெரிந்தன. பிரஷாந்தியிடம் இருக்கிறது என்று சொன்னேன். உடனே மருத்துவர் ஃபாத்தினுக்குப் போன் செய்து பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் ஏழு மணிக்கு நிபோங் திபாலுக்கு ஓர் ஆட்டுப் பண்ணை பார்க்கப் புறப்பட இருந்தார், அங்கிருந்து அப்படியே கோலாலம்பூர் போய்த் திங்கட்கிழமைதான் திரும்புவார். என் போன் வந்ததால் அந்தப் பயணத்தைத் தள்ளி வைத்து, மருந்து எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். அதன் பிறகு, ஆஸ்பத்திரியில் எழுதும் முறையிலேயே ஒரு முடிவுத் தாள் எழுதினேன்: பசு, பெயர் பவளம், ஈர இரத்தப் பூச்சு, உயிருள்ள ஒட்டுண்ணி காணப்பட்டது, நேரம் 6.50, கையெழுத்து. அந்தத் தாளின் நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. காட்டுவதற்கு நல்லதாக ஒன்று இருக்கட்டும் என்று இரண்டாவது சொட்டும் எடுத்து 7.25 வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

7.40க்குத் திரு. சற்குணம் பவளத்தைக் குளிப்பாட்டுவதற்காகக் கோயிலிலிருந்து திரும்பி வந்தார். வேட்டியும் விபூதியுமாகக் கொட்டில் வாசலில் நின்று பவளத்தின் காதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். "உமக்கு விசரோ ஹாஜரா" என்று மட்டும் கேட்டார். விசர் என்றால் பைத்தியம். இரத்தம் படலை தாண்டவில்லை என்று நான் சொன்னேன். தாளை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். போலீஸுக்குப் போகிறார் என்று எனக்குத் தெரியாது, மறுபடியும் கோயிலுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

8.15க்கு மருத்துவர் ஃபாத்தின் வந்தார். இரண்டாவது சொட்டு வைத்த கண்ணாடிச் சிலைடைத் தானே பார்த்தார், ஒட்டுண்ணி அப்போதும் அசைந்துகொண்டிருந்தது. அவருக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. ஆனால் சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் ஊசி போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, மருந்துப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். சொந்தக்காரரோ என்மேல் புகார் எழுதக் காவல் நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் மூன்று பெண்களும் பெருநாள் பலகாரத்தில் மிச்சமிருந்ததைத் தின்றுகொண்டு காத்திருந்தோம். பவளமும் ஒன்று தின்றது. பத்து நாளில் அது தானாக வாய் வைத்தது அதுதான் என்று பிரஷாந்தி சொன்னாள்.

9.35க்குத் திரு. சற்குணம் புகாரின் நகலுடன் திரும்பி வந்தார். அதை என்னிடம் கொடுத்தார். நான் வாசித்தேன். "எழுத்துப் பிழை இல்லண்ணே. இப்ப இதைப் பாருங்க" என்று சொல்லி நாற்காலியை மைக்ராஸ்கோப் முன் இழுத்துப் போட்டேன். சிலைடு அதற்குள் காய்ந்து ஓய்ந்துவிட்டது, அவருக்குக் காட்ட இன்னொரு சொட்டு தேவை. நான் அதைச் சொன்னேன், எடுக்கலாமா என்று கேட்கவில்லை.  அவர் பவளத்தின் கழுத்தை ஒரு கையால் அணைத்து, மறு கையால் காதைப் பிடித்து என் பக்கம் திருப்பிக் கொடுத்தார். இந்த மூன்றாவது சொட்டு அவருடைய அனுமதியுடன் எடுக்கப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகு நேரம் பார்த்தார். அவர் சொன்னது இவ்வளவுதான்: "இதோ ஓடுது. மூத்தவளுக்கும் இதுதானோ?" அது எனக்குத் தெரியாது, பார்க்காததைச் சொல்ல முடியாது என்றேன். அவர் தலையாட்டினார். அதன் பிறகு மருத்துவரிடம் "குத்துங்கோ பிள்ளை" என்றார். மருத்துவர் எடையைக் கணக்கிட்டு, மஞ்சள் மருந்தைக் கரைத்து, இரண்டு இடத்தில் ஆழமாக ஊசி போட்டார். பிரஷாந்தி வியாபாரிக்குப் போன் செய்து லாரி வேண்டாம் என்று சொன்னாள்.

இந்த நோய் மனிதருக்கு வருமா என்று திரு. சற்குணம் கேட்டார். மனித இரத்தமே இந்த ஒட்டுண்ணியைக் கொன்றுவிடும், வராது என்றே சொல்லலாம், உலகத்தில் எங்கோ ஒருவர் இருவருக்கு வந்ததுண்டு என்று மருத்துவர் சொன்னார். திரு. சற்குணத்தின் கையில் ஒரு வெட்டுக்காயம் இருந்தது, அந்த வாரம் உடம்பு வலி வேறு என்றார். அதனால் அவர் விரலிலும் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரு சொட்டில் இல்லை என்பது இல்லவே இல்லை என்று ஆகாது, ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்றும் சொன்னேன். போய்க் காட்டினார். சாதாரணக் காய்ச்சல்தான். பிறகு சிலைடுகள் எல்லாவற்றையும் அங்கேயே கழுவி, தண்ணீரை வாழை மரத்தடியில் ஊற்றினோம். இரத்தம் படலை தாண்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பவளம் புல் தின்றது. அடுத்த வெள்ளி காய்ச்சல் வரவில்லை. பெரிய ஆய்வுக்கூடத்தின் முடிவும் பிறகு வந்தது, மைக்ராஸ்கோப்பில் படாததை அவர்கள் வேறு சோதனையில் பிடித்திருந்தார்கள், சுர்ராதான். கொட்டிலுக்கு ஈ வலை கட்டியிருக்கிறார்கள். ஜூன் 18 புதன்கிழமை பவளம் ஒரு கிடாரிக் கன்று ஈன்றது. நான் போய்ப் பார்த்தேன். நெற்றியில் வெள்ளை, நிற்கும்போது நான்கு காலும் நான்கு திசைக்குப் போகிறது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இதை எழுத வேண்டுமா என்று சார்ஜன் கேட்டார். எழுதும்படி சொன்னேன்.

திரு. சற்குணம் ஏப்ரல் மாதமே புகாரைத் திரும்பப் பெற்றுக் கடிதம் கொடுத்துவிட்டார். ஆனாலும் கோப்பை மூட என் வாக்குமூலம் தேவை என்று அழைத்ததால் வந்தேன். இன்று பெர்ரியில் வந்து என்னை இங்கே அழைத்து வந்தவரும் அவரே. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

கேள்வி: சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் வளவுக்குள் நுழைந்து பசுவின் இரத்தத்தை எடுத்தீர்களா? பதில்: ஆம். முதல் இரண்டு சொட்டும் அனுமதி இல்லாமல் எடுத்தவை. அதற்கு வருத்தம் இல்லை. அதே நிலைமை வந்தால் மறுபடியும் எடுப்பேன்.

இதுவரை எழுதியதைச் சார்ஜன் ரமணி எனக்கு வாசித்துக் காட்டினார். திருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் இருந்தேன். ஆனால் "6.50க்கு ஒட்டுண்ணியைப் பார்த்தேன்" என்பதை இன்னொருவர் குரலில் கேட்டபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஆகவே பின்வருவதைச் சேர்க்கச் சொல்கிறேன்.

6.50க்கு நான் எதையும் பார்க்கவில்லை. முதல் சிலைடை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பதினைந்து நிமிடம் தேடினேன். ஒன்றும் இல்லை. பிரஷாந்தி பக்கத்தில் நின்று, "ஆண்டி, இருக்கா இல்லையா? டாக்டர் ஏழு மணிக்குக் கிளம்பிருவாங்க" என்று கேட்டாள். மருத்துவர் போய்விட்டால் திங்கள்தான் வருவார். சனிக்கிழமை லாரி வந்துவிடும். நான் பவளத்தைப் பார்த்தேன். "இருக்கு" என்றேன். போன் செய்தேன். தாளையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகுதான் இரண்டாவது சொட்டு எடுத்தேன். அது காட்டுவதற்காக எடுத்தது இல்லை. எனக்கே தேவைப்பட்டது. 7.25க்கு, சிலைடின் கடைசி ஓரத்தில், ஒரே ஒன்றைப் பார்த்தேன். மேலே வர்ணித்தது எல்லாம் அப்போது பார்த்ததுதான். அதற்கு முன் முப்பத்தைந்து நிமிடம் என் கையெழுத்தின் கீழ் ஒன்றுமே இல்லை. திரு. சற்குணம் இருபது நிமிடம் முன்னால் வந்து அந்தத் தாளை வாங்கியிருந்தால், என் கையெழுத்தை நம்பித்தான் வாங்கியிருப்பார்.

அதனால் யாருக்கும் நட்டம் வரவில்லை என்று சார்ஜன் சொன்னார். வரவில்லைதான். மாடு பிழைத்தது, கன்று பிறந்தது. ஆனாலும் முப்பத்து நான்கு வருடத்தில் பார்க்காததைப் பார்த்ததாக எழுதியது அந்த ஒரு தடவைதான். மாட்டின் காதைக் குத்தியதற்காக என்னை இங்கே கூப்பிட்டீர்கள். இதற்காக யாரும் கூப்பிடவில்லை.

ஆஸ்பத்திரி விதிப்படி, அனுப்பிய முடிவைத் திருத்த வேண்டுமென்றால் அழித்து எழுதக்கூடாது. பழையது தெரியும்படி ஒரே ஒரு கோடு கிழித்து, சரியானதை மேலே எழுதி, ஆய்வுக்கூடத்தில் ஒருவரும் பதிவு அலுவலகத்தில் ஒருவரும் சுருக்கொப்பம் இட வேண்டும். அந்தத் தாளின் மூலப் பிரதியைத் திரு. சற்குணம் பிறகு வாங்கி, பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டி, கொட்டிலில் மாட்டி வைத்திருந்தார். இன்று கோப்புக்குத் தேவைப்படும் என்று கையோடு கொண்டு வந்திருந்தார். அவரை உள்ளே அழைக்கும்படி கேட்டேன். நகல் ஏற்கெனவே இணைக்கப்பட்டிருப்பதாலும், மூலப் பிரதி அவருடைய சொந்தப் பொருள் என்பதாலும் சார்ஜன் அனுமதித்தார்.

திரு. சற்குணம் வந்து, 6.50 பற்றி நான் சேர்க்கச் சொன்ன இரண்டு பத்தியையும் நின்றபடியே வாசித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடியும் வாசித்தார். "இது மாதிரி வேற ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். "இல்லண்ணே" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் என் எழுத்து புரியாதபோது மாடி ஏறி வந்து பார்த்த அதே பார்வை. பிறகு சார்ஜனிடம் கத்தரிக்கோல் வாங்கி, பிளாஸ்டிக் உறையின் ஓரத்தை வெட்டித் தாளை வெளியே எடுத்து, என் முன்னால் வைத்தார். நான் 6.50ன்மேல் ஒரு கோடு கிழித்து, 7.25 என்று எழுதி, சுருக்கொப்பம் இட்டேன். அவர் தன் சட்டைப் பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்து, தேதி போட்டு, அதன் பக்கத்தில் தன்னுடையதை இட்டார்.

மேலே உள்ளதை வாசிக்கக் கேட்டேன், நானும் என் கண்ணால் வாசித்தேன். 6.50க்குப் பார்த்தேன் என்று வரும் இடத்தில் 7.25 என்றும், இரண்டாவது சொட்டு காட்டுவதற்காக என்று வரும் இடத்தில் தேடுவதற்காக என்றும் கொள்ள வேண்டும். மற்றவை நடந்தது நடந்தபடி. பார்த்த பிறகே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
சித்தி ஹாஜரா பிந்தி அப்துல் ஹமீது
24 ஜூன் 2025, மதியம் 12.40

என் முன்னிலையில்,
(ஒப்பம்)
சார்ஜன் ரமணி